கதைக்கு வெளியே கானன் டாயில்

ஷெர்லக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளனை அறியாத மாணவர் நம் கல்லூரியில் அநேகமாக இரார். அவனைப் படைத்தவர் சர் ஆர்தர் கானன் டாயில் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த எழுத்தாளரே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உண்மையான வழக்குகளில் புலன் விசாரிக்கப் புறப்பட்டார் என்பதைக் கேட்டபோது நான் வியந்தேன். பழைய கோப்புகளைப் புரட்டினார். சேற்று வயல்களில் நடந்து பார்த்தார். அரசாங்கத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார். அவருடைய வாழ்வில் என்னை மிகவும் ஈர்த்தது இப்பகுதிதான். ஆகவே மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறேன்.

1859 மே 22-ஆம் நாள் எடின்பரோ நகரில் அவர் பிறந்தார். தந்தை ஓவியத் திறமை மிக்கவர். ஆனால் குடிக்கு அடிமையாகி, இறுதிக் காலத்தை மனநோய் மருத்துவமனைகளில் கழித்தார். வறுமைக்கு நடுவிலும் கதை சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவர் தாய் மேரி. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டாயில் மருத்துவம் பயின்றபோது அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஜோசப் பெல். நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே அவர் செருப்பையும் கையையும் பார்த்து, எங்கிருந்து வருகிறார், என்ன தொழில் செய்கிறார் என்று கூறிவிடும் வல்லமை அவருக்கு இருந்தது. ஹோம்ஸின் விதை அங்கேதான் விழுந்தது. 1887-இல் அவனைப் பற்றிய முதற்கதை அச்சேறியது.

1891-இல் வியன்னா சென்று கண் மருத்துவம் படித்துவிட்டு வந்து, இலண்டனில் மருத்துவமனை திறந்தார் டாயில். ஒரு நோயாளிகூட அந்தப் படியேறவில்லை என்று பிற்காலத்தில் அவரே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். காலியாகக் கிடந்த நேரமெல்லாம் கதையாயிற்று, கதை புகழாயிற்று. பயனற்றுப் போனதாகத் தோன்றிய அந்தக் கண் மருத்துவப் படிப்பு, பல ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியரின் மகனுக்கு உதவியது என்பதுதான் விந்தை.

பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து கிறித்துவரான ஷாபூர்ஜி எடல்ஜி என்பவர், இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் கிரேட் வைர்லி என்னும் ஊரில் பாதிரியாராக இருந்தார். மனைவி ஆங்கிலேயப் பெண். பழுப்பு நிறத்தவர் ஒருவர் ஊருக்கு உபதேசம் செய்வதைச் சிலர் பொறுக்கவில்லை போலும்! வீட்டுக்குப் பல ஆண்டுகளாக மொட்டைக் கடிதங்கள் வந்தன. எழுதியவரைக் கண்டுபிடிக்க வேண்டிய காவல்துறையோ, பாதிரியாரின் மூத்த மகன் ஜார்ஜே எழுதுவதாகச் சந்தேகித்தது. 1903-இல் அவ்வூரில் குதிரைகளையும் மாடுகளையும் யாரோ இரவில் வயிற்றைக் கிழித்துப் போடத் தொடங்கினார்கள். ஆகஸ்டு மாதத்தில் சுரங்கக் குதிரை ஒன்று அவ்வாறு கிடந்தபோது, பர்மிங்ஹாமில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜைக் கைது செய்தார்கள். அன்றிரவு மகன் தம்முடன் பூட்டிய அறையில் உறங்கினான் என்று தந்தை சொன்ன சாட்சியம் எடுபடவில்லை. ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவர் சிறைக்குள் இருந்தபோதும் வெளியே கால்நடைகள் கிழிபட்டன! அதைக் கண்டும் நீதி அசையவில்லை. பதினாயிரம் பேர் கையொப்பமிட்ட மனு அரசாங்கத்துக்குச் சென்றது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1906 அக்டோபரில், காரணம் எதுவும் கூறாமல் அவரை வெளியே விட்டார்கள். குற்றவாளி என்ற பெயர் மட்டும் போகவில்லை. வழக்கறிஞர் தொழிலும் திரும்பவில்லை.

டாயிலுக்கு அது துயரமான காலம். பல ஆண்டுகள் காச நோயால் வாடிய அவர் மனைவி லூயிசா, 1906 ஜூலையில்தான் மறைந்திருந்தார். எழுத்தில் மனம் செல்லாமல் இருந்தவரின் கைக்கு ஜார்ஜின் முறையீடு வந்து சேர்ந்தது. 1907 தொடக்கத்தில் இலண்டன் விடுதி ஒன்றில் இருவரும் சந்திக்க ஏற்பாடாயிற்று. டாயில் சற்றுத் தாமதமாக வந்தார். கூடத்தில் அமர்ந்திருந்த ஜார்ஜ், செய்தித்தாளை முகத்தோடு ஒட்டினாற்போல், சற்றுச் சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் மருத்துவரான டாயில் தொலைவில் நின்றபடியே புரிந்துகொண்டார். கடுமையான கிட்டப்பார்வை உள்ள இந்த மனிதரா இருட்டில் வயல்களையும் இரயில் பாதையையும் கடந்து போய்க் குதிரையைக் கிழித்திருப்பார்? நீதிமன்றத்தில் எவரும் எழுப்பாத கேள்வி இது!

அத்தோடு அவர் நிற்கவில்லை. ஊருக்கே சென்று வழியை நடந்து பார்த்தார். ஜார்ஜின் மேலங்கியில் குதிரை மயிர் இருந்தது எப்படி என்று ஆராய்ந்தார். அங்கியும், இறந்த குதிரையின் தோல் துண்டும் ஒரே பொட்டலமாகச் சோதனைக்கு அனுப்பப்பட்டன என்று தெரிய வந்தது. கையெழுத்து ஜார்ஜுடையதுதான் என்று சாதித்த நிபுணரோ, அடால்ஃப் பெக் என்ற இன்னொரு நிரபராதியின் வழக்கிலும் தவறாகச் சாட்சி சொன்னவர். இவை அனைத்தையும் 1907 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் இதழில் டாயில் எழுதினார். எந்தப் பத்திரிகையும் எடுத்து வெளியிடலாம் என்று உரிமையையும் விட்டுக்கொடுத்தார். அரசாங்கம் மூவர் குழுவை அமைத்தது. அதில் ஒருவர் ஸ்டாஃபர்ட்ஷயர் காவல் தலைவர் ஆன்சனின் உறவினர்! கால்நடைக் குற்றத்திலிருந்து ஜார்ஜுக்கு மன்னிப்பு கிடைத்தது. ஆனால் மொட்டைக் கடிதங்களை எழுதித் துன்பத்தைத் தாமே தேடிக்கொண்டார் என்று கூறி, இழப்பீடாக ஒரு காசும் தரவில்லை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு என்பதே எனக்கு விளங்காத சொல்லாக இருக்கிறது. ஆயினும் வழக்கறிஞர் தொழில் திரும்பக் கிடைத்தது. அதே செப்டம்பரில் நடந்த டாயிலின் இரண்டாவது திருமணத்துக்கு ஜார்ஜும் விருந்தினராக வந்திருந்தார். குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இங்கிலாந்தில் சட்டமாக வந்ததும் அதே 1907-இல்தான். பெக் வழக்கும் எடல்ஜி வழக்கும் அதற்கு உந்துதலாக இருந்தன.

இனி, எனக்கு நெருடலான இடத்துக்கு வருகிறேன். ஜார்ஜ் செய்யவில்லை என்று காட்டியதோடு டாயிலுக்கு மனம் ஆறவில்லை. அப்படியானால் செய்தவன் யார்? அவ்வூர்க்காரர் ஒருவரைச் சுட்டி அரசாங்கத்துக்கு எழுதினார். சான்று போதாது என்று அது தள்ளப்பட்டது. தள்ளியது சரி என்றே நான் கருதுகிறேன். ஜார்ஜுக்கு எதிராகக் காவல்துறை அடுக்கிய ஊகங்களைவிட இந்த ஊகங்கள் அதிக உறுதியானவை அல்ல. காவல் தலைவர் ஆன்சனும் வாளாவிருக்கவில்லை. டாயிலைத் திசைதிருப்பப் போலிக் கடிதம் புனைந்தார் என்பது 2015-இல் ஏலத்துக்கு வந்த ஆவணங்களால் வெளியாயிற்று.

டாயிலின் அந்தத் தவிப்பு எனக்கு அந்நியமானதன்று. என் பாட்டியின் தம்பி இளவயதில் ஏரிக்கரையில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். ஆள் அகப்படவில்லை; வழக்கு முடங்கியது. பாட்டி மட்டும் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்து, அந்தப் பெயரோடு கண்ணை மூடினார். சான்று என்று ஒன்றும் இல்லை. அந்த வீட்டாரோடு எங்களுக்கு இன்றுவரை கொள்வினை கொடுப்பினை கிடையாது. பெயர் இல்லாத இடத்தை வெறுமையாக விட்டுவைப்பது எவ்வளவு கடினம் என்பதை வீட்டிலேயே பார்த்தவன் நான்.

டாயிலின் இரண்டாவது பெரிய வழக்கு இதைவிட நெடியது. 1908 டிசம்பர் 21 அன்று மாலை கிளாஸ்கோ நகரில், எண்பது வயதைக் கடந்த மேரியன் கில்கிறிஸ்ட் என்ற சீமாட்டி தம் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். பணிப்பெண் செய்தித்தாள் வாங்கச் சென்ற பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்த அவளைக் கடந்து ஒருவன் அமைதியாகப் படியிறங்கிப் போனான். வைரங்கள் ஏராளமாக இருந்த வீட்டில் காணாமற்போனது ஒரே ஒரு வைரப் பதக்கம். காகிதங்கள் வைத்திருந்த பெட்டி மட்டும் உடைக்கப்பட்டிருந்தது.

ஆஸ்கர் ஸ்லேட்டர் என்ற ஜெர்மானிய யூதர் ஒரு பதக்கத்தை அடகு வைத்திருந்தார் என்று காவல்துறை அவரைத் துரத்தியது. அந்தப் பதக்கம் கொலைக்குச் சில வாரங்கள் முன்பே அடகுக் கடைக்குப் போய்விட்டது. அது வேறு பதக்கம்! அப்படியும் அவரை விடவில்லை. 1909 மே மாதம் மரண தண்டனை விதிக்கப்பட்டு, தூக்குக்கு இரண்டு நாள் முன்பு ஆயுள் தண்டனையாயிற்று. 1912-இல் டாயில் எழுதிய சிறுநூல் ஒரு நுட்பமான கேள்வியைக் கேட்டது. நகைக்கு வந்த திருடன் காகிதப் பெட்டியை ஏன் உடைக்க வேண்டும்? கொலையாளி அந்த மூதாட்டிக்கு அறிமுகமானவனாக, உயில் போன்ற பத்திரத்தைத் தேடி வந்தவனாக இருக்கலாமே! அன்றிரவு பணிப்பெண், தான் பார்த்தவனை அடையாளம் கண்டு அம்மூதாட்டியின் உறவுப் பெண்ணிடம் பெயர் சொன்னாள் என்று துப்பறியும் அதிகாரி ஜான் டிரெஞ்ச் 1914-இல் வெளிப்படுத்தினார். அவ்விரு பெண்களும் அதை மறுத்துவிட்டார்கள். விசாரணை மூடிய கதவுக்குள் நடந்து, ஒன்றுமில்லை என்று முடிந்தது. அவ்வாண்டுதான் மன்னர் பெயரால் பதக்கம் பெற்றிருந்த டிரெஞ்ச், வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1919-இல் அவர் மறைந்தார். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது அவரைத்தான். டாயிலுக்குப் புகழ் என்னும் கவசம் இருந்தது, அவருக்கு அதுவும் இல்லை.

1918-இல் டாயிலின் மகன் கிங்ஸ்லி இறந்தான். அதற்கு முன்பே ஆவியுலக ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த தந்தை, தம் எஞ்சிய வாழ்வையும் பொருளையும் அதற்கே கொடுத்தார். சான்று கேட்டே பழகியவர் இப்படிப் போனாரே என்று அக்காலத்தில் சிரித்தவர்கள் பலர். ஆனால் ஸ்லேட்டரை அவர் மறக்கவில்லை. 1925-இல் விடுதலையான கைதி ஒருவர், ஸ்லேட்டர் கொடுத்த செய்தியைப் பொய்ப்பல்லில் மறைத்துக் கொண்டுவந்து டாயிலிடம் சேர்த்தார். மீண்டும் போர் தொடங்கியது. 1927-இல் வில்லியம் பார்க் என்பவரின் நூல் வெளிவர, நவம்பரில் ஸ்லேட்டர் விடுதலையானார். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை! மேல்முறையீடு செய்யத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1928 ஜூலையில் தீர்ப்பு இரத்தாயிற்று. நீதிபதி ஜூரிகளை வழிநடத்தியதில் தவறு என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அவர் நிரபராதி என்ற சொல் வரவில்லை.

இழப்பீடாக ஸ்லேட்டருக்கு 6,000 பவுன் கிடைத்தது. வழக்குச் செலவுக்குக் கைப்பணம் கொடுத்தவர்களுக்கு அதைத் திருப்பித் தர வேண்டும் என்றார் டாயில். அந்தச் செலவை அரசாங்கமல்லவா ஏற்க வேண்டும் என்று மறுத்தார் ஸ்லேட்டர். இருவரும் பத்திரிகைகளிலேயே சண்டையிட்டுப் பிரிந்தார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருந்ததாக எனக்குப் படுகிறது.

1930 ஜூலை 7-ஆம் நாள் குரோபரோவில் தம் இல்லத்தில் டாயில் காலமானார். 1934-இல் ஒரு தொழிலாளி, வைர்லி மொட்டைக் கடிதங்களில் சிலவற்றைத் தாம் எழுதியதாக ஒப்புக்கொண்டார். ஸ்லேட்டர் 1948-இல் இறந்தார். ஜார்ஜ் எடல்ஜி 1953 வரை வாழ்ந்தார். கடைசிவரை அவருடன் இருந்து, அண்ணனுக்காக வாதாடியவர் தங்கை மாட். குதிரைகளைக் கிழித்தவன் யார், கில்கிறிஸ்ட் சீமாட்டியைக் கொன்றவன் யார் என்பதற்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் பதில் எழுதவில்லை.