சிற்றூருக்கு அருங்காட்சியகம் தந்த தளபதி

வாளெடுத்துப் புகழ் பெற்றோர் வரலாற்றில் பலர். அந்த வாள் எப்படி வாளாயிற்று என்று ஆராய்ந்து புகழ் பெற்றவர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் ஆகஸ்டஸ் பிட்-ரிவர்ஸ். இங்கிலாந்து நாட்டின் படைத்தளபதி, பெருநிலக்கிழார், அகழாய்வை ஓர் அறிவியலாக உயர்த்தியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அவர் பெயர் தாங்கிய பெரிய அருங்காட்சியகம் இன்றும் சிறப்புற விளங்குகிறது. ஆனால் வரலாற்று மாணவனாகிய என் உள்ளத்தைக் கவர்ந்தது அப்பெருங்கூடம் அன்று. பார்ன்ஹாம் என்னும் சிற்றூரில், உழவரும் தொழிலாளரும் வந்து காண்பதற்கென்றே அவர் அமைத்து நடத்திய சிறிய அருங்காட்சியகந்தான். அது இன்று இல்லை. அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மறைந்தது, மறைந்த பின்னும் எஞ்சியது என்ன என்பவற்றையே இங்குக் கூற விழைகின்றேன்.

1827ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் யார்க்ஷயர் மாவட்டத்தில் அவர் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஆகஸ்டஸ் ஹென்றி லேன் பாக்ஸ். 1845இல், பதினெட்டாம் வயதில், படையில் சேர்ந்தார். பழைய துப்பாக்கிகள் போய்ப் புதிய துப்பாக்கிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. புதியவற்றைச் சோதித்துப் பார்ப்பதும், அவற்றைக் கையாளப் படைவீரர்க்குப் பயிற்சியளிப்பதும் அவர் பணியாயின. 1854இல் கிரிமியப் போரில் ஆல்மா களத்தையும் கண்டார். துப்பாக்கிகளை வரிசையாக வைத்து நோக்கியபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. எந்தக் கருவியும் ஒரே நாளில் ஒருவர் மூளையில் உதித்ததன்று. முன்னதில் ஒரு சிறு மாற்றம், பின்னதில் மற்றொரு சிறு மாற்றம் என்று படிப்படியாக வளர்ந்ததே என்பதுதான் அவ்வுண்மை.

அன்று தொடங்கிய ஆர்வம் அவரை விடவில்லை. வில், வேல், கேடயம் என்று சேர்க்கத் தொடங்கியவர், பின்னர்ப் பானை, கூடை, பூட்டு, இசைக்கருவி என்று விரிவாகச் சேர்த்தார். 1874இல் அத்தொகுப்பு, இலண்டன் மாநகரின் கிழக்கே தொழிலாளர் மிகுந்து வாழ்ந்த பெத்னல் கிரீன் பகுதியில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றது. பிறர் பொருள்களை நாடு வாரியாகவும் அழகு நோக்கியும் அடுக்கினர். இவரோ வகை வாரியாக அடுக்கினார். பூட்டுகள் எல்லாம் ஓரிடம். விற்கள் எல்லாம் ஓரிடம். எளியது முன்னே, நுட்பமானது பின்னே.

இதிலே ஒரு குறையும் இருந்தது. பொருள்களை வரிசைப்படுத்தியவர், அவற்றைச் செய்த மக்களையும் முன்னேறியோர், பின்தங்கியோர் என்று வரிசைப்படுத்தினார். அக்காலத்து ஐரோப்பியர் பலரிடமும் இருந்த அக்கருத்தை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை.

1880ஆம் ஆண்டு அவர் வாழ்வைத் திருப்பியது. உறவினர் ஒருவர் மறைவால், டார்செட், வில்ட்ஷயர் மாவட்டங்களின் எல்லையில் 25,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அவருக்கு உரிமையாயிற்று. அதற்குரிய நிபந்தனைப்படி பிட்-ரிவர்ஸ் என்னும் பெயரையும் ஏற்றார். ரஷ்மோர் மாளிகையில் குடியேறிய அவர், அந்நிலத்தில் தொன்மைச் சின்னங்கள் நிறைந்திருக்கக் கண்டார். உட்கட்ஸ், ராதர்லி ஆகிய இடங்களில் உரோமர் காலத்துச் சிற்றூர்கள் மண்ணுள் மறைந்து கிடந்தன. பிறராயின் வேட்டையாடிப் பொழுதைக் கழித்திருப்பர். இவர் அகழ்ந்தார்.

அந்நாளில் பழைய மேடுகளைத் தோண்டியவர் பலர், பொன்னும் அழகிய கலமும் கிடைத்தால் எடுத்துக்கொண்டு, உடைந்த ஓடுகளை எறிந்துவிடுவர். பிட்-ரிவர்ஸ் அந்த ஓடுகளையே போற்றினார். அரிய பொருள் ஒரு செல்வரின் வாழ்வைச் சொல்லலாம். ஊர் முழுதும் எப்படி வாழ்ந்தது என்பதை எங்கும் கிடைக்கும் எளிய பொருள்தான் சொல்லும் என்பது அவர் கொள்கை. ஒவ்வோர் ஓடும் எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று குறித்தார். படம் வரைவித்தார், அகழ்ந்த இடங்களுக்கு மர உருவமாதிரிகள் செய்வித்தார். கிடைத்த விலங்கெலும்புகளின் அளவை அறியத் தம் பண்ணை விலங்குகளின் எலும்புகளையே அளந்து ஒப்புநோக்கினார். இவற்றையெல்லாம் 1887 முதல் 1898 வரை நான்கு பெருந்தொகுதிகளாகத் தம் செலவில் அச்சிட்டார். அகழ்ந்து முடித்த குழியை மூடுமுன், தம் பெயர் பொறித்த சிறு பதக்கம் ஒன்றை அடியில் இட்டு மூடுவது அவர் வழக்கம். பின்னால் தோண்டுபவர், இங்கே முன்பே ஒருவர் தோண்டியிருக்கிறார் என்று அறிய வேண்டுமன்றோ! 1882ஆம் ஆண்டின் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி அந்நாட்டின் முதல் தொல்சின்ன ஆய்வாளராக அமர்த்தப்பட்டவரும் இவரே.

இனி, பார்ன்ஹாமுக்கு வருவோம். ஒருகாலத்தில் நாடோடி மக்களின் குழந்தைகளுக்குப் பள்ளியாக இருந்த கட்டடத்தை அவர் அருங்காட்சியகமாக்கினார். உழுகருவிகள், நாட்டுப்புற மக்களின் ஆடைகள், மட்பாண்டங்கள், பூட்டும் சாவியும், அருகிலேயே அகழ்ந்தெடுத்த பொருள்கள், மர உருவமாதிரிகள் ஆகியன அங்கே இடம்பெற்றன. தன் பாட்டன் கையாண்ட கலப்பையை உழவன் கண்ணாடிக்குள் கண்டான். தன் காலடியில் கிடந்த ஊரை மரத்தில் செதுக்கிய வடிவில் கண்டான்.

இரயில் நிலையத்திலிருந்து தொலைவிலுள்ள சிற்றூருக்கு யார் வருவர்? இந்த வினா அவர்க்கும் எழுந்தது. அதற்கு அவர் கண்ட வழி வியப்புக்குரியது. சற்றுத் தொலைவில் லார்மர் என்னுமிடத்தில் பூங்கா ஒன்றை அமைத்தார். கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இசைக்குழு முழங்கும். கட்டுச்சோறு கொண்டு வருவோர் உண்பதற்குத் தட்டும் கரண்டியும்கூட அங்கே கிடைக்கும். 1899ஆம் ஆண்டில் மட்டும் 44,000 பேருக்கு மேல் அப்பூங்காவுக்கு வந்தனர். புகழ்பெற்ற நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி 1895இல் அங்கு நடந்த விழாவில் நடனமாடியிருக்கிறார். இசை கேட்க வந்த மக்களை அருங்காட்சியகத்திற்கும் ஈர்ப்பதே தளபதியின் நோக்கம்.

அவர் எல்லா வகையிலும் இனியவர் என்று எழுத என் எழுதுகோல் இசையவில்லை. வீட்டில் அவர் கடுமையானவர். மாற்றம் என்பது மெல்ல மெல்லத்தான் வரும் என்று கற்றுக்கொண்டால் ஏழைத் தொழிலாளர் புரட்சியை நாடமாட்டார் என்பதும் அவர் அருங்காட்சியகம் அமைத்த காரணங்களுள் ஒன்று. 1897இல் ஆங்கிலப் படை ஆப்பிரிக்காவின் பெனின் நகரைச் சூறையாடிக் கொண்டுவந்த கலைப்பொருள்களையும் அவர் விலைகொடுத்து வாங்கிப் பார்ன்ஹாமில் வைத்தார். இவற்றையும் சொன்னால்தான் வரலாறு வரலாறாகும்.

1900ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் அவர் மறைந்தார். அதன்பின் நிகழ்ந்ததே நாம் கருத வேண்டிய செய்தி. சுமார் 20,000 பொருள்கள் கொண்ட தம் முதல் தொகுப்பை 1884இல் அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திற்கு அளித்திருந்தார். அதற்கெனக் கட்டடம் எழுப்ப வேண்டும், அப்பொருள்கள் பற்றி விரிவுரையாற்ற ஒருவர் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். அது நிலைத்தது, வளர்ந்தது. பார்ன்ஹாம் தொகுப்போ குடும்பச் சொத்தாகவே நின்றது. மகன் காலம் போய்ப் பேரன் காலம் வந்தது. பொருள்கள் சிறிது சிறிதாக விலைபோயின. பெனின் கலைப்பொருள்கள் உலகின் பல திசைகளுக்குச் சிதறின. 1960களில் அருங்காட்சியகம் மூடப்பட்டது. ஒருவருடைய ஆர்வத்தால் எழுந்தது, அவ்வார்வம் அடுத்த கைக்கு மாறாதபோது சாய்ந்தது.

ஆயினும் எல்லாம் அழிந்துவிடவில்லை. அவர் அகழ்ந்தெடுத்த பொருள்களும் உருவமாதிரிகளும் 1975இல் அரசின் வழியாக அருகிலுள்ள சாலிஸ்பரி அருங்காட்சியகத்தை அடைந்தன. அங்கே அவை இன்றும் பேசுகின்றன. காரணம், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பது எழுத்தில் இருக்கிறது. அவரிடம் பதினாறு வயதில் உதவியாளராகச் சேர்ந்த ஹெரால்டு செயின்ட் ஜார்ஜ் கிரே, 1901இல் சாமர்செட் மாவட்டத்து டாண்டன் நகர அருங்காட்சியகத்தின் காப்பாளராகி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அதனைப் பேணினார். கட்டடம் மூடப்பட்டாலும் கற்ற முறை மூடப்படவில்லை.

அம்முறை நம் வாயிலுக்கும் வந்தது. பிட்-ரிவர்சின் நூல்களைப் போற்றிப் பயின்றவர் மார்ட்டிமர் வீலர். அவர் 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரட்டைன் வகை மட்கல ஓடுகள் எந்த மண்ணடுக்கில் கிடைத்தன என்று குறித்து, அவற்றுடன் கிடைத்த நம் நாட்டு மட்கலங்களின் காலத்தையும் கணித்தார். உடைந்த ஓடுகள் யவன வாணிகத்தின் சான்றாயின.

இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்கு எங்கள் வட்டத்துத் தமிழாசிரியர் ஒருவர் நினைவுக்கு வந்தார். ஓய்வு பெற்றவர். மரக்கால், ஏற்றச்சால், ஓலைச்சுவடி, காசு, உழும்போது கிடைத்த கருப்பு சிவப்புப் பானை ஓடு எனத் தம் வீட்டின் ஓர் அறையை நிரப்பி வைத்திருக்கிறார். கேட்பவர்க்கெல்லாம் எடுத்துக் காட்டி விளக்குவார். எந்தப் பொருள் யார் வீட்டில், எந்தக் கொல்லையில் கிடைத்தது என்பது அவர்க்கு மனப்பாடம். ஆனால் அது அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. எங்கள் வகுப்பு மாணவர் நால்வர் இப்போது சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குச் செல்கிறோம். அவர் சொல்லச் சொல்ல ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறோம். பொருளுக்கு எண்ணிட்டுச் சீட்டுக் கட்டுகிறோம். பாதி அறைகூட முடியவில்லை. ஐயாவுக்கு எண்பது வயதாகிறது.

மாணவ நண்பர்களே! அருங்காட்சியகம் கட்ட 25,000 ஏக்கர் நமக்கில்லை. ஆனால் உங்கள் ஊரிலும் இத்தகைய பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் அவர் வீட்டுத் திண்ணைக்குச் செல்லுங்கள். எந்தப் பொருள், எந்த இடம், யார் கொடுத்தது என்னும் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்ல இருக்கும்போதே எழுதுங்கள்.