மறைவில் ஒலித்த பாடற்பூசை: வில்லியம் பேர்டின் வாழ்க்கை

திருவிழாப் பாடற்பூசை என்றால் பாடற்குழு பெரிதாயிருக்க வேண்டும், ஒலிபெருக்கி ஊர் முழுவதும் கேட்க வேண்டும் என்பது நம் ஆசை. அடுத்த வீட்டாருக்குக் கேட்டுவிடுமோ என்று அஞ்சி அஞ்சிப் பூசைப் பாடல்களைப் பாடிய கத்தோலிக்கரும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று இசை அமைத்தவர் இங்கிலாந்து நாட்டின் வில்லியம் பேர்ட். நம் பங்கு மக்கள், சிறப்பாகப் பாடற்குழுவினர், அவரை அறிந்திருப்பது நல்லது.

1540-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த பேர்ட், 1563-இல் லிங்கன் பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் பாடகச் சிறுவர்களின் ஆசிரியராகவும் அமர்ந்தார். 1572-இல் முதலாம் எலிசபெத் அரசியின் அரண்மனைச் சிற்றாலயப் பாடகராக உயர்ந்தார். அங்கே தாமஸ் தாலிஸ் என்ற மூத்த இசைமேதை அவருக்குத் துணையாயிருந்தார். இசைநூல்களை அச்சிடும் தனியுரிமையை அரசி 1575-இல் இவ்விருவருக்கும் 21 ஆண்டுகளுக்கு அளித்தார். அதே ஆண்டில் ஆளுக்குப் பதினேழாக இலத்தீன் பாடல்களை அச்சிட்டு, அந்நூலை அரசிக்கே காணிக்கையாக்கினர்.

இவ்வளவு பெருமையும் பெற்றவர் கத்தோலிக்க விசுவாசத்தை விடவில்லை. அது எத்துணை ஆபத்தானது என்பதை இன்று நாம் எளிதில் உணர முடியாது. பூசை வைப்பது 1559 முதல் தடைசெய்யப்பட்டிருந்தது. அரசாங்கக் கோயிலுக்குப் போகாதவர் மாதம் 20 பவுன் தண்டம் கட்ட வேண்டுமென 1581-இல் சட்டம் வந்தது. வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றுத் திரும்பிய குரு இராஜத் துரோகி. அவருக்கு இடம் கொடுத்தவருக்கும் மரண தண்டனை என்று 1585-இல் இன்னொரு சட்டம் வந்தது. பேர்டின் மனைவி ஜூலியானா 1577 முதலே குற்றஞ்சாட்டப்பட்டார். பின்னர் பேர்டும் வழக்குகளைச் சந்தித்தார். அரசியின் தயவால்தான் அவர் பெருந்துன்பத்துக்குத் தப்பினார் என்று சொல்ல வேண்டும்.

1586 ஜூலையில் ஒரு கத்தோலிக்கப் பிரபுவின் வீட்டில் சேசு சபைக் குருக்களான ஹென்றி கார்னெட், இராபர்ட் சவுத்வெல் இருவரும் இரகசியமாகக் கூடியிருந்தபோது பேர்டும் அங்கே இருந்தார். பூசையும் பாட்டுமாக அந்நாட்கள் கழிந்தன. சவுத்வெல் 1595-இலும் கார்னெட் 1606-இலும் கொல்லப்பட்டார்கள்.

அவருடைய மூன்று பூசை இசைகள் 1592-க்கும் 1595-க்கும் இடையே அச்சாயின. ஒன்று மூன்று குரலுக்கு, ஒன்று நான்கு குரலுக்கு, ஒன்று ஐந்து குரலுக்கு. முகப்புத் தாள் இல்லை, அச்சகத்தின் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. ஆனால் பக்கத்தின் தலையில் பேர்டின் பெயர் மட்டும் துணிவாக நிற்கிறது! ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிச் சிறு புத்தகம். மடியில் ஒளித்துக் கொண்டுவந்து, ஓர் அறையில் குரலுக்கு ஒருவராக நின்றால் போதும், பாடற்பூசை நிறைவேறிவிடும். நான்கு குரல் பூசையில் இறைவனின் செம்மறியை நோக்கிய மன்றாட்டைக் கவனியுங்கள். முதல் தடவை இரண்டு குரல்கள், இரண்டாம் தடவை மூன்று, மூன்றாம் தடவைதான் நான்கும். கதவைத் தட்டி ஒவ்வொருவராய் உள்ளே வந்து சேர்வதுபோல எனக்குத் தோன்றும். சமாதானம் கேட்கும் கடைசி வேண்டுதலில் குரல்கள் ஒன்றோடொன்று உரசி, நொந்து, வெகுநேரம் கழித்தே இசைந்து அமைகின்றன. சமாதானம் இல்லாதவர்கள் பாடியது அல்லவா!

1590-களில் அவர் எசெக்ஸ் மாவட்டத்தில் ஸ்டாண்டன் மாசி என்ற சிற்றூரில் குடியேறினார். அருகிலுள்ள இங்கேட்ஸ்டோன் மாளிகையில் பீட்டர் என்ற கத்தோலிக்கப் பிரபுக் குடும்பம் வாழ்ந்தது. குருக்கள் ஒளியும் மறைவறைகள் இன்றும் அங்கே உண்டு. ஆண்டின் திருநாட்களுக்குரிய நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை 1605, 1607-ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1605 நவம்பரில் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சிலர் செய்த சதி வெளிப்பட்டதும் கத்தோலிக்கர்மேல் கோபம் மூண்டது. அந்நாட்களில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இந்தப் பாட்டுப் புத்தகத்தை வைத்திருந்ததற்காகச் சிறைப்பட்டார்.

பேர்ட் மறைசாட்சி அல்லர். அரசாங்கச் சபைக்கும் ஆங்கிலத்தில் அருமையான இசை அமைத்தார், சம்பளமும் பெற்றார். இதை இரட்டை வேடம் என்பாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசிக்குத் தன் கலையைக் கொடுத்தார், மனச்சாட்சியைக் கொடுக்கவில்லை. அவர் 1623 ஜூலை 4-இல் இறந்தார். மனைவியின் அருகே அடக்கம் செய்யுமாறு உயில் எழுதியிருந்தார்; அந்தக் கல்லறை எதுவென்று அடையாளம் இல்லை.

பூசை இசைகளும் ஏறக்குறைய அவ்வாறே மறைந்துபோயின. 1890-களில் டவுன்சைட் ஆசீர்வாதப்பர் மடத்திலும், 1901 முதல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்திலும் ரிச்சர்ட் டெர்ரி என்பவர் அவற்றை மீண்டும் வழிபாட்டில் பாடவைத்தார். பெரிய பாடற்குழுக்கள் முதலில் எடுத்தன. பின்பு சிறு குழுக்கள், குரலுக்கு ஓரிருவராகப் பாடத் தொடங்கின. அவற்றில் ஒன்றான கார்டினால்ஸ் மியூசிக் என்ற குழு, ஆண்ட்ரூ கார்வுட் தலைமையில், எவரும் பாடாது கிடந்தவற்றையும் விடாமல் பேர்டின் இலத்தீன் இசை முழுவதையும் 13 இசைத்தட்டுகளில் பதிந்து 2010-இல் முடித்தது. பேர்ட் எண்ணிய அளவும் அதுதான்: ஓர் அறை, மெழுகுவர்த்தி, கையில் ஆளுக்கொரு சிறு புத்தகம்.