தாஜ் மஹால் கட்டிய பெண்மணி: போபால் அரசி ஷாஜஹான் பேகம்

தாஜ் மஹால் என்றதும் ஆக்ராவும் முகலாயச் சக்கரவர்த்தி ஷாஜஹானும்தான் நம் நினைவுக்கு வருவது வழக்கம். அதே பெயரில் இன்னொரு மாளிகை இந்தியாவின் போபால் நகரில் இருக்கிறது. அதைக் கட்டியவரின் பெயரும் ஷாஜஹான்தான். ஆனால் அவர் ஒரு பெண். ஆக்ராவில் இருப்பது இறந்த மனைவிக்காகக் கணவர் எழுப்பிய கல்லறை. போபாலில் இருப்பது ஒரு பெண் தான் வாழ்வதற்காகக் கட்டிய வீடு.

நமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில் இப்பெண்மணியைப் பற்றி எழுத நாம் விரும்பியதற்குக் காரணம் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களாகிய நமக்கு வீடு என்பது பெண்ணின் சொத்து. மகள் பிறந்துவிட்டால் அவளுக்கு ஒரு வளவும் வீடும் தேட வேண்டுமே என்பதுதான் உம்மா, வாப்பாவின் முதற் கவலை. நமது குடியும் தாய்வழியாகவே வருகிறது. ஆகவே ஒரு தாய், ஒரு மகள், ஒரு பெரிய வீடு ஆகியவற்றைப் பற்றிய இவ்வரலாறு நமக்கு அந்நியமானதல்ல.

மத்திய இந்தியாவிலிருந்த போபால் சமஸ்தானத்தை 1819 முதல் 1926 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, நான்கு முஸ்லிம் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஆட்சி செய்தார்கள். குத்ஸியா பேகம், அவரது மகள் சிக்கந்தர் பேகம், அவரது மகள் ஷாஜஹான் பேகம், அவரது மகள் சுல்தான் ஜஹான் பேகம் ஆகியோரே அந்நால்வர்.

ஷாஜஹான் பேகம் 1838ஆம் ஆண்டு போபாலுக்கு அருகிலுள்ள இஸ்லாம்நகரில் பிறந்தார். 1844இல் தந்தை இறந்தபோது ஆறு வயதுச் சிறுமியான அவரே ஆட்சிக்குரியவராக ஏற்கப்பட்டார். அவருக்காக நிர்வாகத்தை நடத்திய தாயார் சிக்கந்தர் பேகம், ஆளும் உரிமை தமக்கே உரியது என்று ஆங்கிலேயரிடம் வாதாடி வந்தார். 1860இல் மகள் தமது உரிமையைத் தாயாருக்கு விட்டுக்கொடுத்தார். 1868இல் சிக்கந்தர் பேகம் வபாத்தான பின்னரே, தமது முப்பதாவது வயதில், ஷாஜஹான் பேகம் மீண்டும் ஆட்சிக்கு வந்தார்.

முதற் கணவரை 1867இல் இழந்திருந்த அவர், 1871இல் மார்க்க அறிஞர் சித்தீக் ஹசன் கானை மறுமணம் செய்தார். அதன்பின் பர்தாவைக் கைக்கொண்டு, திரைக்குப் பின்னால் இருந்தவாறே அரச கருமங்களைப் பார்த்தார். அதே ஆண்டிலேயே அவரது மாளிகையின் வேலையும் தொடங்கியது. 13 ஆண்டுகள் நடந்த அவ்வேலை 1884இல் நிறைவுற்றது. 120 அறைகள், கண்ணாடிகள் பதித்த ஷீஷ் மஹால், மழைக்காலத்தை நினைவூட்டும் நீரூற்றுகள் கொண்ட ஸாவன் பாதோன் மண்டபம் என அது அக்காலத்தின் மிகப் பெரிய மாளிகைகளுள் ஒன்றாக விளங்கியது.

மாளிகை மட்டும் அவரது பணியன்று. இலண்டனுக்கு அருகேயுள்ள வோக்கிங் நகரில் 1889இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. பிரித்தானியாவில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதற் கட்டடம் அதுதான். அதற்குப் பொருளுதவி செய்த ஷாஜஹான் பேகத்தின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. போபாலில் தாஜுல் மஸாஜித் என்னும் பெரும் பள்ளிவாசலையும் அவர் தொடங்கினார். உருது மொழியில் கவிதை எழுதினார்; போபாலின் வரலாற்றை எழுதினார். பிள்ளை வளர்ப்பு, வீட்டு நிர்வாகம், பெண்களின் உரிமைகள் முதலியவற்றை விளக்கும் தஹ்ஸீபுன் நிஸ்வான் என்னும் பெருநூலையும் பெண்களுக்காகவே ஆக்கினார்.

இத்தனையும் செய்த அந்தத் தாய்க்கும், அவருக்குப்பின் ஆட்சிக்கு வரவேண்டிய மகளுக்கும் இடையே உறவு முறிந்துபோனது என்பதுதான் வேதனை. தாயாரின் மறுமணத்தை மகள் சுல்தான் ஜஹான் மனதார ஏற்கவில்லை. சித்தீக் ஹசன் கான் மீது சந்தேகம் கொண்ட ஆங்கிலேயர் 1885இல் அவரது பட்டங்களைப் பறித்தபோது கசப்பு மேலும் வளர்ந்தது. மகளின் மூத்த பிள்ளை பில்கிஸ் ஜஹான், பாட்டியாரிடம் செல்லமாக வளர்ந்தவள், சிறு வயதிலேயே இறந்தாள். அந்தத் துக்கமும் இருவரையும் ஒன்றுசேர்க்கவில்லை. 1890இல் சித்தீக் ஹசன் கான் மறைந்த பின்பும் பிரிவு தொடர்ந்தது. ஒரே ஊரில் இருந்துகொண்டே தாயும் மகளும் பல ஆண்டுகள் முகம் பார்க்காமல் வாழ்ந்தார்கள். 120 அறைகள் இருந்த வீட்டில் மகளுக்கு இடமில்லாமல் போனது. 1901ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஷாஜஹான் பேகம் புற்றுநோயினால் வபாத்தானார்.

அடுத்து ஆட்சிக்கு வந்த சுல்தான் ஜஹான் பேகம் தமக்கெனக் கட்டிய மாளிகையிலேயே வசித்தார். பெண் கல்வியைத் தமது ஆட்சியின் முதற் பணிகளுள் ஒன்றாக்கிக்கொண்டார். போபாலில் பெண்களுக்குப் பாடசாலை அமைத்தார். அலிகாரில் பெண்கள் கல்விக்கு உதவினார். 1920இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் அவரே. ஆயினும் அவர் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கவில்லை. பெண்களுக்காகப் பேனா பிடித்த தாயாரின் வழியிலேயே மகளும் நூல்கள் எழுதினார். பேசாமல் இருந்த ஆண்டுகளிலும் மகள் தாயிடமிருந்து ஏதோ பெற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி, அந்த வீட்டின் கதை. 1947இல் நாடு பிரிந்தபோது சிந்துப் பகுதியிலிருந்து வந்த அகதிகள் போபால் தாஜ் மஹாலில் தங்கவைக்கப்பட்டார்கள். அரசி ஒருவரின் அறைகளில் வீடிழந்த குடும்பங்கள் அடுப்பு மூட்டின. 2004இல் சுனாமியின்போது பாடசாலை மண்டபங்கள் குடும்பங்களின் இருப்பிடமானதைக் கண்ட நமக்கு, ஒரு பெரிய கட்டடத்தின் உண்மையான பயன் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. அகதிகள் வேறிடம் சென்ற பின் மாளிகை பராமரிப்பின்றிச் சிதைந்தது. பாதியில் நின்ற தாஜுல் மஸாஜிதின் வேலையை 1971இல் பிறர் மீண்டும் தொடங்கி 1985இல் முடித்துவைத்தார்கள். தனக்கென்று கட்டியது பாழடைந்தது. எல்லோருக்குமென்று தொடங்கியதை வேறு கைகள் வந்து நிறைவேற்றின.

நமது பாடசாலையும் அவ்வாறு பல கைகளால் ஆனதே. அதைத் தொடங்கியவர்களில் பலர் இன்று நம்மோடு இல்லை. எஞ்சிய வேலை நம்மிடம் வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு வீடு தேடும் அதே அக்கறையோடு அவர்களின் படிப்பையும் தேடுவோம். மனக்கசப்போடு பிரிந்திருக்கும் தாயோ மகளோ நம்மில் எவரேனும் இருந்தால், நோய்ப்படுக்கை வரை காத்திராமல் இன்றே ஒருவரையொருவர் போய்ப் பார்க்கட்டும்.