பிழையை மறைக்காத மருத்துவர் அஸ்ஸஹ்ராவி

தச்சர் ஒரு பலகையைத் தவறாக அறுத்துவிட்டால் வேறொரு பலகையை எடுத்துக்கொள்ளலாம். கணக்கர் தவறாக எழுதிவிட்டால் அடித்துத் திருத்தலாம். மருத்துவரின் கத்தி ஒரு நெல்லளவு விலகிவிட்டாலோ, போன உயிர் மீளாது. ஆயினும் மருத்துவரும் மனிதரே. பிழை அவருக்கும் நேரும். நேர்ந்த பிழையை அவர் மறைத்துவிட்டால், அதே பிழை வேறொருவர் கையால் வேறோர் இல்லத்தில் மீண்டும் நிகழும். அதை வெளிப்படுத்தினால், அது பாடமாகிப் பல உயிர்களைக் காக்கும்.

இவ்வுண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, பிறர் செய்த பிழைகளையும் தம் கணிப்பு தவறிய இடத்தையும் ஒளிக்காமல் ஏட்டில் எழுதி, தம் மாணவர்களிடம் ஒப்படைத்தவர் ஒருவர் உண்டு. அவரே அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள். ஐரோப்பியர் இவரை அல்புகாசிஸ் என்று அழைத்தனர். அறுவை மருத்துவத்தின் தந்தை என்று உலகம் இவரைப் போற்றுகிறது.

இன்று ஸ்பெயின் என வழங்கும் நாட்டின் பெரும்பகுதி அக்காலத்தில் அந்தலூஸ் என்னும் பெயரால் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அதன் தலைநகர் குர்துபா. அந்நகருக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில், கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936ஆம் ஆண்டில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் எழில்மிகு அரண்மனை நகரை எழுப்பத் தொடங்கினார். அந்நகரின் பெயரே நம் மருத்துவருக்கும் பெயராயிற்று. அவர் பிறந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். அண்ணல் நபி (ஸல்) அவர்களை மதீனாவில் வரவேற்று ஆதரித்த அன்ஸாரிகளின் வழித்தோன்றல் என்பதால், அன்ஸாரி என்ற சிறப்புப் பெயரும் அவருக்கு உண்டு.

அவருடைய குடும்பத்தைப் பற்றியும் இளமையைப் பற்றியும் வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்தது மிகச் சொற்பம். அவர் எழுதிய நூலே அவருடைய வாழ்க்கை வரலாறாக விளங்குகிறது. ‘அத்தஸ்ரீஃப்’ என்று சுருக்கமாக வழங்கும் அப்பெருநூல் முப்பது பாகங்களைக் கொண்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கால மருத்துவ அனுபவத்தின் சாரமாக, கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி அது நிறைவெய்தியது. அதன் முப்பதாவது பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. சூடிடுதல், அறுத்தல், எலும்பு கட்டுதல் என்னும் மூன்று பகுதிகளாக அது அமைந்துள்ளது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களும் அதில் வரையப்பட்டுள்ளன.

மருத்துவரின் பொறுப்பு என்னும் கருத்து அக்கால முஸ்லிம் சமுதாயத்திற்குப் புதியதன்று. மருத்துவம் அறிந்தவர் என்று பெயர் பெறாத ஒருவர் மருத்துவம் செய்து, அதனால் தீங்கு விளைந்தால், அதற்கு அவரே ஈடு சொல்ல வேண்டியவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அஸ்ஸஹ்ராவி பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 931ஆம் ஆண்டில், கிழக்கே பக்தாத் நகரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. மருத்துவர் ஒருவரின் தவறால் ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்ற செய்தி கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. தலைமை மருத்துவரான ஸினான் இப்னு ஸாபித் அவர்களிடம் தேர்ந்து சான்று பெற்றாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று கலீஃபா ஆணையிட்டார். அவ்வாறு தேர்வுக்கு உட்பட்டவர்கள் 860க்கும் மேற்பட்டவர்கள் என்று வரலாறு கூறுகிறது.

ஆனால் சான்றிதழ் மட்டும் போதுமா? கத்தியைக் கையில் எடுப்பவரின் உள்ளத்தில் அச்சமும் அறிவும் இருக்க வேண்டாமா? அஸ்ஸஹ்ராவி தம் நூலில் இதைத்தான் கேட்கிறார். தம் நாட்டில் அறுவை மருத்துவம் அறவே மறைந்துபோகும் நிலையில் இருப்பதை எண்ணி அவர் வருந்துகிறார். அதற்குக் காரணத்தையும் அவரே கூறுகிறார். உடற்கூற்றைக் கசடறக் கற்காமலேயே பலர் கத்தியை ஏந்திவிட்டனர். எலும்புகள், நரம்புகள், இரத்தக் குழாய்கள் ஆகியவை எங்கே பிறந்து எங்கே செல்கின்றன என்பதை அறியாதவர், மனிதர்களைக் கொல்லும் பிழையில் விழாமல் தப்ப முடியாது என்பது அவர் முடிவு. இதை வெறும் உபதேசமாகச் சொல்லி நிறுத்தாமல், தாம் நேரில் அறிந்த நான்கு பிழைகளை நூலின் வாயிலிலேயே அவர் எழுதிவைத்தார்.

முதலாவது, கழுத்தில் கழலை கண்ட ஒரு பெண்ணின் கதை. அறிவற்ற மருத்துவர் ஒருவர் அக்கழலையை அறுக்க முற்பட்டு, கழுத்தின் நாடிகளைத் துண்டித்துவிட்டார். குருதி பெருக்கெடுத்து, அவர் கண்முன்னேயே அப்பெண் உயிர் நீத்தாள்.

இரண்டாவது, சிறுநீர்ப்பையில் பெரிய கல் இருந்த ஒரு முதியவரின் கதை. கல்லின் பருமனையும் முதியவரின் உடல் நிலையையும் கண்ட அஸ்ஸஹ்ராவி, அதை எடுத்தால் அவர் பிழையார் என்று கணித்தார். வேறொரு மருத்துவர் துணிந்து கல்லை எடுத்தார். கல்லோடு சிறுநீர்ப்பையின் ஒரு பகுதியும் வெளியே வந்துவிட்டது. மூன்றாம் நாளளவில் முதியவர் காலமானார்.

மூன்றாவது, கால் முறிந்த ஒரு பணியாளரின் கதை. குதிகாலுக்கு அருகே எலும்பு முறிந்து, அவ்விடத்தில் புண்ணும் இருந்தது. அவருடைய எசமானரிடம் பணியாற்றிய மருத்துவர், புண்ணுக்குக் காற்றுப் போக வழி விடாமல், பட்டைகளை வைத்து இறுகக் கட்டிவிட்டுப் பல நாட்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கால் வீங்கி, வேதனை முற்றிய பின்னரே அஸ்ஸஹ்ராவி அழைக்கப்பட்டார். அவர் கட்டை அவிழ்த்ததும் வேதனை தணிந்தது. ஆனால் அழுகல் முன்னமே வேரூன்றிவிட்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

நான்காவது, புற்றுக் கட்டி ஒன்றை ஆராயாமல் கீறிவிட்ட மருத்துவரின் கதை. சில நாட்களில் அது பெரும் புண்ணாகி, முன்னிருந்த துன்பத்தை விடப் பெருந்துன்பத்தைத் தந்தது. அத்தகைய கட்டியை முழுவதுமாக அகற்றக்கூடிய இடத்தில் இருந்தாலன்றிக் கத்தியால் தீண்டலாகாது என்று அவர் எச்சரித்தார்.

இந்நான்கு கதைகளிலும் பிழை செய்த மருத்துவர்களின் பெயர்களை அவர் குறிப்பிடவில்லை. எவரையும் தூற்றுவது அவர் நோக்கமன்று. பிழை எங்கே நுழைந்தது என்பதையே அவர் சுட்டிக் காட்டினார். உடற்கூற்று அறிவின்மை, நோயாளியின் வலிமையை அளவிடாமை, கட்டிய பின் கவனியாமை, நோயின் தன்மையை ஆராயாமை ஆகிய நான்கு வாயில்களையும் மாணவர்கள் அடைக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

மாணவர்களைத் தம் பிள்ளைகளே என்று அன்போடு அழைத்து, அறுவை மருத்துவத்தை இரு வகையாக அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, பெரும்பாலும் நலத்தில் முடிவது. மற்றொன்று, பெரும்பாலும் ஆபத்தில் முடிவது. ஆபத்து உள்ள ஒவ்வோர் இடத்தையும் நூலில் அங்கங்கே குறித்துவைத்து, அவ்விடங்களில் எச்சரிக்கையோடு நின்றுகொள்ளுமாறு பணிக்கிறார். பொருளாசையால் கத்தியை எடுக்க வேண்டாம், ஐயம் இருக்கும்போது துணிய வேண்டாம் என்பது அவர் அறிவுரை. நோயாளியின் உள்ளம் அஞ்சுவதையும் அவர் கருத்தில் கொண்டார். கத்தியைக் கண்டு நோயாளி கலங்காதிருக்க, கையினுள் மறைத்துப் பிடித்துக் கட்டியைக் கீறும் சிறு கருவி ஒன்றையும் அவர் விவரித்துள்ளார்.

தாம் செய்யாததைச் செய்ததாகவும் அவர் கூறிக்கொள்ளவில்லை. மூச்சடைத்தவர்களுக்குத் தொண்டையைத் திறக்கும் முறையை முன்னோர் எழுதியுள்ளனர் என்றும், தம் நாட்டில் அதை எவரும் செய்யக் கண்டதில்லை என்றும் குறிப்பிடுகிறார். பிறகு தாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சேர்க்கிறார். பணிப்பெண் ஒருத்தி கத்தியால் தன் தொண்டையை அறுத்துக்கொண்டாள். அழைக்கப்பட்ட அஸ்ஸஹ்ராவி, காயத்தின் வழியே மூச்சு வெளிவருவதையும், பெரிய இரத்தக் குழாய் எதுவும் அறுபடாததையும் கண்டார். காயத்தைத் தைத்து மருந்திட்டார். குரல் சிறிது கரகரத்ததைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எனவே தொண்டையைத் திறப்பதால் ஆபத்தில்லை என்று அவர் முடிவு செய்தார். கண்ணால் கண்ட பின்னரே அவர் அதை எழுதினார்.

இவை எல்லாவற்றினும் அரியது, தம்மைப் பற்றி அவர் எழுதிய ஒரு செய்தி. காலில் அழுகல் கண்ட ஒருவர், அது மேலே பரவாதிருக்கத் தம் காலைத் தாமே துண்டித்து உயிர் தப்பியிருந்தார். நெடுநாளுக்குப் பின் அதே நோய் கையில் தோன்றியபோது அவர் அஸ்ஸஹ்ராவியை நாடி வந்தார். அஸ்ஸஹ்ராவி மருந்துகளால் தடுக்க முயன்றார். நோய் அடங்கவில்லை. கையை எடுத்துவிடுமாறு அம்மனிதர் வேண்டினார். நோயாளியின் வலிமை குன்றியிருந்தது. கையை எடுத்தால் உயிர் போய்விடுமோ என்று அஞ்சியும், மருந்தால் இன்னும் தடுத்துவிடலாம் என்று நம்பியும் அஸ்ஸஹ்ராவி மறுத்துவிட்டார். நம்பிக்கை இழந்த அம்மனிதர் தம் ஊருக்குத் திரும்பினார். அங்கே தம் கையைத் தாமே துண்டித்துக்கொண்டு நலம் பெற்றார் என்ற செய்தி பின்னர் வந்தது.

இதை அவர் எழுதாமல் விட்டிருந்தால் எவருக்குத் தெரிந்திருக்கும்? புகழின் உச்சியில் இருந்த மருத்துவர், தம் கணிப்பு தவறியதையும், நோயாளி செய்துகொண்டது பலித்ததையும், தம் பெருமைக்கு இழுக்கு என்று எண்ணாமல் பாடநூலில் பதித்தார். அத்தகைய நோயாளி நாளை தம் மாணவரிடம் வரக்கூடும் என்பதே அவருடைய எண்ணம். நோயாளியின் உயிரை இறைவன் ஒப்படைத்த அமானிதமாகக் கருதும் உள்ளத்திற்கே இத்தகைய நேர்மை வாய்க்கும்.

அவருடைய இறுதிக்காலம் அமைதியானதன்று. உள்நாட்டுப் போரில், 1010ஆம் ஆண்டையொட்டி, மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டுப் பாழடைந்தது. 1013ஆம் ஆண்டையொட்டி அவரும் இவ்வுலகை நீத்தார். அந்நகரின் இடிபாடுகளை 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நகரம் அழிந்தது. நூல் அழியவில்லை. அவரை நேரில் கண்டிருந்த பேரறிஞர் இப்னு ஹஸ்ம் அந்நூலை மனமாரப் பாராட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா ஊரினரான ஜெரார்டு, தொலேதோ நகரில் அதன் அறுவைப் பகுதியை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அது 1497இல் வெனிஸ் நகரில் அச்சேறியது. அரபு மூலமும் இலத்தீன் மொழிபெயர்ப்பும் 1778இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தன. பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்கள் அவரை ஆசானாகக் கொண்டனர். அவர் கைக்கொண்ட சூடிடும் முறைகளுள் பலவற்றை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. ஆனால் பிழையை மறைக்காமல் ஆராயும் அவருடைய வழி பழமையாகிவிடவில்லை.

1999ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை உலகைத் திடுக்கிடச் செய்தது. அந்நாட்டு மருத்துவமனைகளில் மட்டும், தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கின்றனர் என்று அது மதிப்பிட்டது. பிழை செய்தவரைத் தண்டிப்பதோடு நில்லாமல், பிழை நுழையும் வாயிலைக் கண்டறிந்து அடைக்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. 2008இல் உலக சுகாதார நிறுவனம், அறுவைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க வேண்டிய 19 செய்திகள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. நோயாளி இவர்தானா, அறுக்க வேண்டிய இடம் இதுதானா, எந்த மருந்தேனும் இவருக்கு ஒவ்வாததா என்பன போன்ற எளிய கேள்விகளே அவை. அப்பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தபோது, அறுவைக்குப் பின் நேரும் இறப்பு 100க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அந்நகரங்களுள் நம் புது தில்லியும் ஒன்று. 2019 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஆம் நாள் நோயாளிகளின் பாதுகாப்பு நாளாக உலகெங்கும் அனுசரிக்கப்படுகிறது.

இப்பொறுப்பு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. நோயாளியின் வீட்டாராகிய நமக்கும் அதில் பங்குண்டு. முன்பு உட்கொண்ட மருந்துகளையும், ஒவ்வாத மருந்துகளையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த மருந்தை அதே நோய் என்று எண்ணி மற்றவருக்குக் கொடுத்தல் ஆகாது. மருந்துச் சீட்டின் எழுத்து விளங்காவிடில், வெட்கப்படாமல் மீண்டும் கேட்க வேண்டும். முறையாகக் கல்லாதவரிடம் உடலை ஒப்படைத்தல் கூடாது. அறுவை வேண்டாம் என்று நல்ல மருத்துவர் கூறும்போது, அதற்குரிய காரணத்தைப் பொறுமையோடு கேட்டு, ஐயம் தீராவிடில் மற்றொரு மருத்துவரின் கருத்தையும் அறிய வேண்டும்.

நம் இல்லங்களில் மருத்துவம் பயிலும் பிள்ளைகள் இன்று பலர் உள்ளனர். அவர்களுக்கு அஸ்ஸஹ்ராவியின் கருவிகளைப் பற்றிச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நாம் நின்றுவிட வேண்டாம். அவர் தம் தவறிய கணிப்பை எழுதிவைத்த அந்த நேர்மையையும் எடுத்துச் சொல்வோமாக. நோயுற்றோர் அனைவருக்கும் பூரண நலத்தையும், அவர்களைப் பேணுவோருக்குத் தெளிந்த அறிவையும் அஞ்சும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக.