புலனை அளந்த புலவர் குஸ்தாவ் ஃபெக்னர்

ஒரே குழம்பை உண்ட இருவருள் ஒருவர் உப்பு மிகுந்தது என்பர். மற்றவர் உப்புக் குறைந்தது என்பர். இவருள் யார் கூற்று மெய்யாகும்? குழம்பில் இட்ட உப்பை நிறுத்து அறியலாம். நாவில் எழுந்த உணர்ச்சியை நிறுக்கும் தராசு யாண்டுளது? அத்தகைய தராசு ஆகாது என்றே அறிஞர் பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அதனை ஆக்கித் தர முயன்று பெரிதும் வெற்றி கண்டவர் குஸ்தாவ் தியோடர் ஃபெக்னர் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர். தம் புலன்களாலேயே இடருற்று, பின்னர் அப்புலன்களையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட அவர்தம் வாழ்க்கை, மாணவராகிய நம்மனோர் அறியற்பாலது.

இவர் 1801-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19-ஆம் நாள் லௌசிட்ஸ் நாட்டில் ஒரு சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டின்கண் உள்ளது. தந்தையார் லூத்தரன் சபைக் குருவானவர். தம் கோயிற் கோபுரத்தில் இடிதாங்கி நாட்டி, ஊரார் வியப்புக்கு ஆளானவர். ஃபெக்னருக்கு ஐந்து வயது நிரம்பிய சின்னாளில் அவர் காலமாயினார். அதன்பின் குருவானவராகிய தாய்மாமனார் இல்லத்தில் வளர்ந்த ஃபெக்னர், 1817-இல் லைப்ஸிக் சர்வகலாசாலையில் மருத்துவங் கற்கப் புகுந்தார். 1822-இல் பரீட்சை தேறியும், மருத்துவத் தொழிலில் மனஞ் செல்லவில்லை. பிரெஞ்சு மொழியிலிருந்த பௌதிக, ரசாயன நூல்களை மொழிபெயர்த்து வயிறு வளர்த்தார். மின்சாரத்தைப் பற்றி ஆராய்ந்து புகழெய்தினார். 1834-இல் அச்சர்வகலாசாலையிலேயே பௌதிகப் பேராசிரியராயினார்.

இந்நிலையில் இடர் வந்துற்றது. ஒளியை நோக்கிய கண்ணை மூடிய பின்னும் உருவும் நிறமும் தோன்றுதலை ஆராயப் புகுந்து, நிறக்கண்ணாடி வழியே ஞாயிற்றை நெடுநேரம் உற்றுநோக்கினார். அதனாலும் இடையறா எழுத்து வேலையாலும் 1839-ஆம் ஆண்டளவில் கண்ணும் உடலும் ஒருங்கே தளர்ந்தன. பேராசிரியர் பதவியை விட்டார். மூன்றாண்டுகள் இருளறையே அவருக்கு உலகமாயிற்று. உணவு செல்லாது உடல் மெலிந்து உயிருக்கு அஞ்சிய காலத்து, அறிந்த பெண்மணி ஒருவர் தாம் கனவிற் கண்ட பக்குவத்தின்படி திராட்ச மதுவும் எலுமிச்சஞ் சாறும் சேர்த்து ஆக்கிய பன்றி இறைச்சியைக் கொணர்ந்தனர். வேறெதனையும் ஏலாத வயிறு அதனை ஏற்றது. 1843 அக்டோபரில் கண்கட்டை நீக்கித் தோட்டத்திற் புகுந்தபோது, மலர்கள் தாமே ஒளிர்வனபோல் அவர் கண்ணுக்குத் தோன்றின.

மீண்ட கண்ணையுடைய அவர், உணர்ச்சிக்கும் அதனை எழுப்பும் பொருளுக்கும் உள்ள தொடர்பு யாது எனும் வினாவைப் பற்றினார். 1850 அக்டோபர் 22-ஆம் நாட் காலையிற் படுக்கையிலிருந்தபடியே விடைக்குரிய வழி அவர் உள்ளத்தில் உதித்தது. அவருக்கு முன்னரே லைப்ஸிக் பேராசிரியர் வேபர் ஓர் உண்மை கண்டிருந்தார். 40 பங்கு எடையைத் தூக்கினவர்க்கு ஒரு பங்கு கூடின் வேற்றுமை புலனாகுமெனின், 80 பங்குக்கு இரண்டு பங்கு கூடினாலன்றிப் புலனாகாது. ஃபெக்னர் இதனை அடிப்படையாகக் கொண்டு, தூண்டுபொருள் மடங்கு மடங்காகப் பெருகினால்தான் உணர்ச்சி படிப்படியாக ஏறும் என விதி வகுத்தார். 1860-இல் இரு பாகங்களாக வெளிவந்த அவரது பெருநூல், உணர்ச்சியளவை என்னும் புதிய துறையைத் தோற்றுவித்தது.

விதியினும் அவர் கையாண்ட முறைகளே நிலைத்த பயன் தந்தன எனலாம். எடை சிறிதே வேறுபட்ட இரு கலங்களை மாறி மாறித் தூக்கி, எது கனமானது எனத் தீர்ப்புக் கூறி, சரியும் தவறும் எத்தனை என எண்ணினார். ஒரு தொகுதியில் மட்டும் 24,000-க்கு மேற்பட்ட தீர்ப்புக்களைப் பதிவு செய்தார். முன்னர்த் தூக்கியதா, பின்னர்த் தூக்கியதா, இடத்திருந்ததா, வலத்திருந்ததா என்பனவும் தீர்ப்பைச் சாய்க்கும் என்று கண்டு, வரிசையையும் கையையும் முறையாக மாற்றி அச்சாய்வை விலக்கினார். தவறும் இருவகைப்படும் என்றார்: என்றும் ஒரே பக்கம் சாயும் தவறு ஒன்று, இங்குமங்கும் சிதறும் தவறு மற்றொன்று. தவறு நாணத்தக்கதன்று, எண்ணத்தக்கது என்பதே அவர் முறையின் உயிர்நிலை.

புலன் பழக்கத்தாற் கூர்மையுறும் என்பதும் அக்காலத்தே புலனாயிற்று. அவர் மனைவியார் கிளாராவின் உடன்பிறந்தாராகிய வோல்க்மன், கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் வைத்து, அவை ஒன்றா இரண்டா என உணர்விக்கும் சோதனையை நிகழ்த்தி 1858-இல் வெளியிட்டார். ஒரு கையைப் பழக்கின், பழக்காத மறு கையும் கூர்மை பெற்றமை கண்டு அறிஞர் வியந்தனர்.

ஆயினும், பயிற்சியும் தெளிவான கட்டளையும் இல்லாக் கூட்டத்தின் தீர்ப்பு பயன்படாது என்பதை ஃபெக்னர் பட்டறிந்தார். 1871-இல் டிரெஸ்டன் நகரில் ஹோல்பைன் என்னும் ஓவியர் பெயரால் வழங்கிய இரண்டு மரியன்னை ஓவியங்கள் அருகருகே வைக்கப்பட்டன. காண வருவோர் தம் கருத்தை எழுத ஓர் ஏட்டை அவர் வைத்தார். வந்தவரோ 11,000-க்கு மேற்பட்டோர். எழுதியவர் 113 பேரே. அவருள்ளும் பலர் வினாவுக்கு ஏற்ப விடையளித்திலர்.

தேயிலை, காப்பி, எண்ணெய், பழச்சாறு ஆகியவற்றைச் சுவைத்து மதிப்பிட இன்று அமைக்கப்பெறும் குழுக்களை ஃபெக்னர் கண்டவரல்லர். ஆயினும் அவற்றின் பயிற்சியில் அவர்தம் முறை விளங்குகின்றது. சர்க்கரையோ, உப்போ, புளிப்போ அளந்து கலந்த நீரைப் பயில்வோர் சுவைத்து ஒரு கோட்டில் மதிப்புக் குறிப்பர். உடனே, சுவை நாவினின்று அகலுமுன்னரே, உண்மை அளவு அவருக்கு அறிவிக்கப்படும். எப்போதும் மிகுத்தே குறிப்பவர் தம் சாய்வை அறிந்து திருந்துவர். ஒரே நீருக்கு ஒரு நாள் ஒன்றும் மறுநாள் வேறொன்றும் குறிப்பவர் மீண்டும் மீண்டும் பழகுவர். கலங்களுக்குப் பெயரிடாது எண்ணே இடுவர். சுவைக்கும் வரிசையையும் ஆளுக்காள் மாற்றுவர். இவண் ஒன்று கருதத்தக்கது. திருத்துவது அளந்தறிந்த கலவையாதல் வேண்டும். பலர் கருத்தோ, மூத்தவர் சொல்லோ ஆதல் கூடாது. அன்றேல், பயில்வோர் சுவையை உணரக் கல்லார். பிறர் முகத்தை நோக்கி இசையவே கற்பர்.

முதுமையில் ஃபெக்னரின் கண்களைப் படலம் மறைத்தது. சத்திர சிகிச்சைகளும் நடந்தன. அந்நிலையிலும் 1876-இல் அழகுணர்ச்சியைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1887 நவம்பர் 18-ஆம் நாள், 86-ஆம் அகவையில் லைப்ஸிக் நகரிற் காலஞ்சென்றார். அவர் விதியிற் குறை கண்டு திருத்தினோர் பின்னர்ப் பலராயினர். அவர் அமைத்த முறைகளைக் கொண்டே அவர் அவ்வாறு திருத்தினர். தம் தவறுகளைத் தாமே எண்ணிப் பதிவு செய்த ஒருவர்க்கு இதனினும் சிறந்த நன்றிக்கடன் யாதுளது?