வலங்கைமானிலிருந்து கேப் டவுன் வரை



சென்ற பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் வண்டி எடுக்க வழியில்லாமல் கீழே உட்கார்ந்திருந்தேன். அப்போது நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி, தூதராக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள். பட்டம் பெற்று யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதி, ஐ.எஃப்.எஸ். பணிக்குப் போக வேண்டும் என்றேன். அந்தப் பணியே இல்லாத காலத்தில் தூதரான ஒரு தமிழரைப் பற்றி உங்களுக்கும் சொல்லலாமே என்று தோன்றியது.

அவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. 1869-ல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் படித்து பி.ஏ. முடித்தார். ஆசிரியராகி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1904-ல் திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். வங்கியில் வேலை பார்த்த எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

1907-ல் நல்ல வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-ல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார். 1921-ல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகச் சென்றார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சென்று, அங்கே வாழும் இந்தியர்களுக்கு உரிமை கேட்டார். ஆஸ்திரேலியா 1925-ல் அங்கிருந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை தந்தது. ஆனால் 1923-ல் கென்யா விஷயத்தில் தோல்விதான். அது அவரை மிகவும் வேதனைப்படுத்தியது.

அவருடைய பெரிய சோதனை தென்னாப்பிரிக்கா. இந்தியர்களை ஒதுக்கி வைக்கும் மசோதா ஒன்று அங்கே தயாராக இருந்தது. கேப் டவுன் பேச்சுவார்த்தையில் அவரும் கலந்துகொண்டார். 1927 ஒப்பந்தப்படி மசோதா கைவிடப்பட்டது. காந்தியடிகள் வற்புறுத்த, அதே ஆண்டு இந்திய அரசின் முதல் ஏஜென்டாக அங்கே போனார். 1928-ல் கிளெர்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிய கூட்டத்தில் வெள்ளையர் சிலர் கலாட்டா செய்தார்கள். அதற்காக அவர் வேலையை விட்டுவிடவில்லை. இந்தியர்களிடம் நிதி திரட்டி, டர்பனில் அவர்களின் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி அமைக்க வழி செய்தார். அதுதான் சாஸ்திரி கல்லூரி.

வணிகவியல் படித்தவன் என்பதால் பற்று, வரவு இரண்டையும் எழுதத்தான் வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு இந்தியா திரும்பலாம் என்ற திட்டமும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. அப்படித் திரும்பியவர்கள் அந்த நாட்டில் குடியிருக்கும் உரிமையை இழக்க நேர்ந்தது. ஒத்துழையாமை இயக்கத்தையும் சாஸ்திரி ஏற்கவில்லை. ஆங்கிலேயருக்கு வளைந்து கொடுப்பவர் என்ற பழிச்சொல் கடைசிவரை அவரைத் தொடர்ந்தது. ஆனால் மசோதா அன்று சட்டமாகியிருந்தால் அங்கிருந்த நம் மக்களின் கடைகளும் வீடுகளும் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நீங்கள் எண்ணிப் பாருங்கள்.

பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1946 தொடக்கத்தில் அவர் சென்னையில் நோயுற்றிருந்தபோது, கருத்தில் எத்தனையோ முறை வேறுபட்ட காந்தியடிகள் நேரில் வந்து பார்த்தார். ஏப்ரல் 17-ல் சாஸ்திரி காலமானார். ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 9-ல், இந்திய வெளியுறவுப் பணியைத் தொடங்க முடிவெடுக்கப்பட்டது.

தண்ணீர், பார்க்கிங் என்று நம் சங்கக் கூட்டத்திலும் வாக்குவாதம் வருகிறது. எதிர்த்தரப்போடு பேசியே தீர வேண்டிய நேரத்தில், எதை விட்டுக்கொடுப்பது, எதை விடவே கூடாது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். சாஸ்திரி வாழ்நாள் முழுக்க அந்தக் கஷ்டத்தைச் சுமந்தார். கேள்வி கேட்ட சிறுமிக்கு இதையும் சொல்ல நினைத்திருக்கிறேன்.