எஃப்எம் தந்தவரின் முடியாத வழக்கு

ஹாஸ்டல் ரூம்ல எஃப்எம் கேட்டுக்கிட்டே அசைன்மென்ட் எழுதுறீங்களா? அந்த இரைச்சல் இல்லாத ஒலியைத் தந்தவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். இன்னைக்கு ஸ்மார்ட்போன் கம்பெனிகள் பேட்டன்ட் ராயல்டிக்காக கோர்ட்ல மோதுறாங்க இல்லையா? அதே சண்டையில் வாழ்க்கையையே தொலைத்தவரும் இவர்தான்.

1890-ல் நியூயார்க்கில் பிறந்தார். 1912-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நம்மள மாதிரி இன்ஜினியரிங் மாணவர். வெற்றிடக் குழாயின் அவுட்புட்டில் ஒரு பகுதியைத் திரும்ப இன்புட்டுக்கே கொடுத்து, பலவீனமான ரேடியோ சிக்னலைப் பல மடங்கு பெருக்கினார். பேட்டன்ட் எடுக்க அப்பா பணம் தரல. அதனால சர்க்யூட் படத்தை நோட்டரியிடம் காட்டி, தேதி போட்டு வாங்கி வெச்சார். அந்தத் தேதி 1913 ஜனவரி 31. ஆனாலும் லீ டி ஃபாரஸ்ட் அதே கண்டுபிடிப்புக்கு உரிமை கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1934-ல் ஆம்ஸ்ட்ராங் தோற்றார்.

அதுக்கு முந்தின வருஷம்தான் எஃப்எம் பேட்டன்ட்கள் அவருக்குக் கிடைத்திருந்தன. 1940-ல் ஆர்சிஏ நிறுவனம் 10 லட்சம் டாலர் மொத்தமா தர்றோம், ராயல்டி கிடையாதுன்னு பேரம் பேசியது. மற்ற கம்பெனிகள் ராயல்டி கட்டும்போது ஒருத்தருக்கு மட்டும் சலுகையா? மறுத்துட்டார். ஆர்சிஏ லைசென்ஸ் வாங்காமலே எஃப்எம் ரேடியோக்களை விற்றது.

1948-ல் வழக்குப் போட்டார். பேட்டன்ட்டின் ஆயுள் அப்போ 17 வருஷம். விசாரணை இழுக்க இழுக்க, 1950-ல் அடிப்படை பேட்டன்ட்கள் காலாவதியாச்சு. சொத்து கரைந்தது. மனைவி மரியனும் பிரிந்து போனார். 1954 ஜனவரி 31 அன்று, அந்த நோட்டரி தேதிக்குச் சரியாக 41 வருஷம் கழித்து, தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

வழக்குகளை மரியன் கைவிடவில்லை. அதே வருஷக் கடைசியில் ஆர்சிஏ சமரசத்துக்கு வந்தது. கொடுத்த தொகை சுமார் 10 லட்சம் டாலர். கடைசி வழக்கு மோட்டரோலா மேல. அதுவும் 1967-ல் ஜெயிச்சது.

நீங்களும் நாளைக்கு ஏதாவது கண்டுபிடிப்பீங்க. தேதி போட்டு எழுதி வைங்க, உரிமையை விட்டுக்கொடுக்காதீங்க. ஆனா அந்தப் பாரத்தைத் தனியா மட்டும் சுமக்காதீங்க. அவர் பக்கம் நியாயம் இருந்தது. அது வந்து சேர்ந்தப்போ அவர்தான் இல்லை.